எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: ராஜமுந்திரி கல்விச் சுற்றுலா குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஜனவரியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆந்திராவில் கோதாவரிக் கரையிலுள்ள ராஜமுந்திரிக்கு அழைத்துச் செல்லவிருப்பதாகச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தோம். "ரயிலே ஓடாத பழைய பாலத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனால் பிள்ளைகளாவது மகிழ்வார்கள்" என்று சிலர் வகுப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறீர்கள். கேட்டது நியாயம்தான், பதிலை நானே எழுதிவிடுகிறேன்.

கோதாவரியின் குறுக்கே நிற்கும் ஹேவ்லாக் பாலம் 1897-இல் தொடங்கி 1900-இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநரின் பெயரைச் சூட்டினார்கள். கட்டிய பொறியாளர் வால்டன். கல் தூண்கள், அவற்றின்மேல் எஃகு கர்டர்கள் (தூணுக்குத் தூண் நீளும் உத்தரங்கள்), மொத்தம் 56 கண்கள் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்), ஒவ்வொன்றும் சுமார் 150 அடி. சென்னையையும் ஹௌராவையும் இணைத்த ரயில்கள் 1997 வரை, கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு, இதன்மேல் ஓடின. மழைக்காலத்துக் கோதாவரியைப் பார்த்தவர்களுக்கு, அந்த ஆற்றுக்குள் தூண் இறக்குவது எப்பேர்ப்பட்ட வேலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகள் அங்கே பார்க்க வேண்டியது ஆணித் தலைகளை. அந்தக் காலத்துக் கர்டர்களில் தகடுகளை இணைப்பது ரிவெட் ஆணி. செந்தணலாகக் காய்ச்சிய ஆணியைத் துளையில் செருகி மறுமுனையை அடித்து மழுக்குவார்கள். ஆறும்போது ஆணி சுருங்கி இரு தகடுகளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். "வெப்பத்தால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும்" என்று தேர்வில் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்குகிறார்களே, அதே பாடம்தான். கணித ஆசிரியர் இன்னொன்றும் வைத்திருக்கிறார்: 150 அடி எஃகு, வெப்பநிலை 30 டிகிரி உயர்ந்தால் எவ்வளவு நீளும்? ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அந்த நீட்சிக்கு இடம் விடாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளே யோசித்துச் சொல்லட்டும். விடையை முன்கூட்டியே வீட்டில் சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டாம்.

பக்கத்திலேயே கான்கிரீட் வில் பாலம் இருக்கிறது. அதற்கு 28 கண்கள்தான், பழையதில் சரிபாதி. ஏன் பாதி போதுமாயிற்று என்பதே அறிவியல் ஆசிரியரின் கேள்வி. நேரம் இருந்தால் தவளேஸ்வரம் அணைக்கட்டையும் பார்ப்போம். அதைக் கட்டிய ஆர்தர் காட்டன்தான் நம் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கட்டியவர் என்பதால் வரலாற்று ஆசிரியர் அதை விடுவதாயில்லை.

பழைய பாலத்தின்மேல் யாரும் ஏற மாட்டார்கள். கரையிலிருந்தும் ரயில் ஜன்னலிலிருந்தும் பார்ப்பதோடு சரி. ஆற்றில் இறங்கவும் அனுமதி இல்லை. இந்த இரண்டையும் நீங்களும் ஒருமுறை கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். கோதாவரியைப் பகல் வெளிச்சத்தில் கடக்க வேண்டும் என்பதால் பகல் ரயிலிலேயே செல்கிறோம். கைப்பேசி வேண்டாம்; நோட்டும் பென்சிலும் போதும். பார்த்ததை வரையச் சொல்லப்போகிறோம், படம் பிடிக்க அல்ல.

கட்டணம் செலுத்துவதில் சிரமம் இருந்தால் தயங்காமல் என்னை நேரில் பாருங்கள். பணம் காரணமாக ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாது. கையொப்பமிட்ட சம்மதக் கடிதத்தை, பிள்ளை வழக்கமாக உட்கொள்ளும் மருந்து ஏதேனும் இருந்தால் அதன் விவரத்துடன், வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்