பொக்குக் காய்க்கு விதைமேல் பழி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில் நிலக்கடலை பற்றி வந்த குறிப்பு, விதை ஊன்றுவதைச் சொல்லிவிட்டு நேராக அறுவடைக்குத் தாவிவிட்டது. இடையில் வரும் 40ஆம் நாளை ஒட்டிய ஒரு வாரம்தான் இந்தப் பயிரின் உயிர்நாடி. அதைக் கோட்டைவிட்டவர்கள்தான், "செடி தளதளவென்று இருந்தது, பிடுங்கிப் பார்த்தால் அத்தனையும் பருப்பில்லாத பொக்கு" என்று விதை விற்றவரைத் திட்டுகிறார்கள்.

ஊன்றிய 25 முதல் 30 நாளில் மஞ்சள் பூ வரும். காலையில் விரிந்த பூ அன்றே வாடிவிடும். சில நாளில் அதன் அடியிலிருந்து ஊதா முனையோடு ஊசி போன்ற விழுது ஒன்று நீண்டு, மண்ணை நோக்கி வளையும். மண்ணுக்குள் இறங்கிய பிறகே அதன் நுனி காயாகப் பருக்கும். வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) நீரோடு இலைக்கு ஏறிவிடும். அங்கிருந்து கீழே திரும்பி வராது. ஆகவே மண்ணுக்குள் இருக்கும் காய், தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே அதைக் குடித்தாக வேண்டும். மேல்மண் இரண்டு மூன்று அங்குலத்தில் அது இல்லையென்றால் ஓடு மட்டும் உருவாகும், பருப்பு பிடிக்காது.

இந்தச் சத்தை மேல்மண்ணில் தருவதுதான் ஜிப்சம் என்னும் உரம். வயலுக்கு ஏக்கருக்கு 160 கிலோ என்பது பரிந்துரை. வீட்டுக் கணக்கில் பத்துக்குப் பத்தடிப் பாத்திக்கு 400 கிராம். 18 அங்குல அகலப் பையில் நான்கு செடி இருந்தால் ஒரு தேக்கரண்டி குவித்து. 40 முதல் 45 நாளுக்குள், மண் ஈரமாக இருக்கும்போது, செடியின் தூரைச் சுற்றித் தூவிக் கொத்தி, மண்ணை அணைத்துவிட வேண்டும். அதன்பின் களைக்கொட்டு பாத்திப் பக்கமே போகக் கூடாது. இறங்கிய விழுது அசைந்தால் அறுந்துவிடும். களையைக் கையால் கிள்ளினால் போதும்.

முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். அது கரைவதற்குள் அறுவடையே முடிந்துவிடும். சுண்ணாம்பு போட்டால் மண்ணின் காரத்தன்மை ஏறி, இரும்புச்சத்து கிடைக்காமல் இளம் இலைகள் வெளுக்கும். மாட்டெரு அதிகமானாலும் தொல்லைதான்: இலை மண்டும், காய் குறையும். மாடித்தோட்டக்காரர்கள் தேங்காய் நார்க்கழிவை மட்டும் நிரப்பி நடுகிறார்கள். அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. பாதிக்குப் பாதி செம்மண்ணாவது கலக்க வேண்டும். வைக்கோல், சருகு போன்ற மூடாக்கைக் கனமாகப் பரப்பினால் விழுது மண்ணைத் தொடாமலே காய்ந்துவிடும்.

விதை விஷயம் எளிது. வறுக்காத, தோல் உரியாத பருப்பு வேண்டும். காயின் ஓட்டை உடைப்பது ஊன்றும் நேரத்தில்தான் இருக்க வேண்டும். டி.எம்.வி. 14, வி.ஆர்.ஐ. 8 போன்ற, படராமல் நிமிர்ந்து வளரும் கொத்து ரகங்கள் வீட்டுக்குத் தோது. வரிசைக்கு வரிசை ஓரடி, செடிக்குச் செடி நாலங்குலம், ஆழம் ஒன்றரை அங்குலம். முளை வரும்வரை அணிலுக்கும் காகத்துக்கும் பயந்து வலை போட்டாக வேண்டும்.

அறுவடை நாளைக் காலண்டர் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 95ஆம் நாளுக்கு மேல் ஒரு செடியைப் பிடுங்கி, பத்துக் காயை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளையாக, பஞ்சு போல இருந்தால் பிஞ்சு. ஏழெட்டுக் காயில் பழுப்போ கருப்போ ஏறியிருந்தால் அறுவடைக்கு வந்துவிட்டது. அதற்குமேல் விட்டால், மழை பெய்த சில நாளிலேயே மண்ணுக்குள் முளைவிடும். கொத்து ரகங்கள் பெரும்பாலானவற்றுக்கு விதை உறக்கம், அதாவது முளைக்காமல் காத்திருக்கும் காலம், கிடையாது. முதல்நாள் தண்ணீர் விட்டுப் பிடுங்குங்கள். காய்ந்த மண்ணில் பாதிக் காய் உள்ளேயே தங்கிவிடும்.

பிடுங்கிய செடியைக் காய் மேலே தெரியும்படி கவிழ்த்து இரண்டு மூன்று நாள் காயவிட்டு, பிறகு காயை ஆய்ந்து, குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும்வரை உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அதில் உண்டாகும் அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. களைக்கொட்டு பட்ட காயையும் பூச்சி துளைத்த காயையும் தயங்காமல் கழித்துவிடுங்கள்.

பத்துக்குப் பத்தடியில் நன்றாக விளைந்தால் ஒன்றரை முதல் 2 கிலோ காய்ந்த காய் கிடைக்கும். அவ்வளவுதான், அதற்குமேல் ஆசை காட்டுவது சரியல்ல. இவ்வளவு சிறிய பாத்திக்கு ஜிப்சம் தேடிப் போனால் உரக்கடையில் பெரும்பாலும் மூட்டையாகத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. மண்புழு உரத்தைச் சிறு பொட்டலமாக விற்கும் மாடித்தோட்டக் கடைகள், ஜிப்சத்தையும் அரைக் கிலோ, ஒரு கிலோவாகக் கட்டி வைக்கலாமே. ஆடிப்பட்டத்துக்கு முன் தங்கள் வீட்டுத்தோட்டப் பக்கத்தில் இதை ஒரு வரி சேர்த்து வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டிவனம்