விறாந்தைக் கமராவுக்குக் காதும் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

கள்ளர் பயத்தினாலும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கப் பெற்றோர் தனித்து வாழ்வதாலும், யாழ்ப்பாணத்தில் இப்போது ஒழுங்கைக்கு ஒழுங்கை வீட்டுக் கமராக்கள் பெருகிவிட்டன. அவற்றை வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் மகனின் வற்புறுத்தலால் எங்கள் விறாந்தையிலும் ஒன்று பொருத்தியுள்ளோம். ஆனால் அதற்குக் கண்ணோடு காதும் உண்டென்பதைப் பல வாரங்கள் சென்ற பின்னரே அறிந்தேன்.

ஒருநாள் பின்னேரம் அயல்வீட்டு அக்கா வந்திருந்து, மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பிய கதையைச் சொல்லி அழுதார். மறுநாள் மகன் தொலைபேசியில், "அம்மா, அன்ரியின்ர மகளுக்கு அந்தச் சம்பந்தம் சரிவரேல்லையோ?" என்று சாதாரணமாகக் கேட்டான். அவனில் பிழையில்லை. நான் மருந்து குடித்தேனா என்று பார்க்கத் தன் கைத்தொலைபேசியில் கமராவைத் திறந்தவனுக்குக் கதையும் சேர்ந்தே கேட்டிருக்கிறது. என்னை நம்பிச் சொன்னதைக் கடல்கடந்தும் ஒருவர் கேட்டாரென்று அந்த அக்காவிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

பிறகு விசாரித்தபோது, கமரா பொருத்த வந்த தம்பி தமது மின்னஞ்சல் முகவரியிலேயே கணக்கைத் திறந்திருந்ததும், அவரது கைத்தொலைபேசியிலும் எங்கள் விறாந்தை தெரிந்ததும் வெளிவந்தன. கேட்டவுடன் மாற்றித் தந்தார். கேட்டிராவிட்டால் அப்படியே இருந்திருக்கும்.

பெரிய நிறுவனங்களை நம்பலாமென்போர், அமேசானுக்குச் சொந்தமான, வீட்டுக் கமராக்கள் விற்கும் றிங் நிறுவனத்தின் ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளரின் அந்தரங்கக் காணொளிகளைப் பார்க்கக்கூடியதாக இருந்ததென 2023 இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியதையும், அந்நிறுவனம் 58 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டதையும் கவனிக்க வேண்டும். படுக்கையறைக் கமராக்களின் பதிவுகளும் அவற்றுள் இருந்தன.

எமது நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. எனினும், ஒருவர் முற்றிலும் தமது சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்கு அது பொருந்தாது. ஆகவே என் விறாந்தையில் அழுதவரின் குரலுக்கு அச்சட்டம் துணை வருமென்று நான் நினைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இன்றும் பல பெண்கள் கிணற்றடியில்தான் குளிக்கின்றனர் என்பதையும், மதிலில் பூட்டிய கமரா சற்றுத் திரும்பினால் அடுத்த வளவுக் கிணறு தெரியும் என்பதையும் நான் விளக்கத் தேவையில்லை. (கிடுகு வேலிக் காலத்தில் வேலியில் ஓட்டை போட்டு எட்டிப் பார்த்தவனை ஊரே ஏசும்.)

பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், இலகுவில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லுடன் இத்தகைய கருவிகளை விற்பது தடை. இங்கும் அத்தகைய விதி வேண்டும். அதுவரை, பொருத்துபவர்கள் கணக்கை வீட்டாரின் பெயரிலேயே திறந்து, ஒலிப்பதிவை நிறுத்திக் கொடுத்து, வேண்டியவர்கள் மட்டும் அதைத் திறந்துகொள்ளும்படி காட்டிவிட்டுச் செல்வதற்குப் பத்து நிமிடம்கூடச் செல்லாது.

எங்கள் வீட்டில் ஒலியை நிறுத்திவிட்டோம். மருந்து குடித்தேனா என்பதை மகன் இப்போது தொலைபேசி எடுத்துத்தான் கேட்கிறான்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோண்டாவில்.