லத்தீஃபியைப் பற்றி நீ எழுதியது

கொக்குவில்,
23.12.2021

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் சுகம். மழைக்கு அம்மாவின் முழங்கால் நோவு கூடியிருக்கிறது. எரிவாயு சிலிண்டர் கிடைப்பது பெரும்பாடு; கிடைப்பதும் வெடிக்கிறது என்று நாள்தோறும் பத்திரிகையில் வருவதால், அதைக் குசினிக்குள் வைக்கவே விடமாட்டேன் என்கிறாள். பின்தாழ்வாரத்துப் பழைய அடுப்பை மெழுகி எடுத்து விறகில்தான் சமையல். திருவெம்பாவை முடிந்துவிட்டது. விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் கேட்காததால் மூன்று நாளாக நேரம் தெரியாமல் எழும்புகிறேன்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ குரலை உயர்த்துவாய், நானும் உயர்த்துவேன், அம்மா தொலைபேசியை வாங்கி வேறு கதை கதைத்துவிடுவாள். ஆகவே எழுதுகிறேன். கராஜில் நிற்கும் தம்பி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். முழுவதும் வாசி.

ஃபோர்முலா வன் பட்டத்தை முடிவுசெய்த அபுதாபி ஓட்டம் முடிந்த அன்று முகநூலில் நீ எழுதியதை மறுநாள் காலையில் வாசித்தேன். வில்லியம்ஸ் அணி ஓட்டுநர் நிக்கலஸ் லத்தீஃபிக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று எழுதியிருந்தாய். அது போகட்டும், கோபத்தில் எவரும் சொல்வது. லூயிஸ் ஹமில்டனைத் தோற்கடிக்கக் காசு வாங்கிக்கொண்டுதான் சுவரில் இடித்தான் என்றும் எழுதியிருந்தாய். அதற்குக் கீழே முகமில்லாத ஒருவர் அவனுடைய கையை முறிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அதற்கு நீ விருப்பம் போட்டிருந்தாய். அந்த இடத்தில்தான் என் நெஞ்சு நின்றது.

அன்றிரவு நாங்கள் எப்படிப் பார்த்தோம் என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கராஜ் பூட்டு. ஆறரைக்கு முன்பே ஏழு பேர் வந்துவிட்டார்கள். வைஸ் பூட்டிய மேசையில் தொலைக்காட்சி. தகரத்தில் மழை அடித்த அடியில் வர்ணனை ஒரு சொல்லும் கேட்கவில்லை. கதவின் உட்பக்கத்தில் சோக்கால் ஹமில்டனுக்கும் வெர்ஸ்டப்பனுக்கும் உள்ள புள்ளிகளை 369.5, 369.5 என்று எழுதி வைத்திருந்தேன். அந்த அரைப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று சின்னவன் கேட்டான். ஓகஸ்டில் பெல்ஜியத்து ஸ்பாவில் மழைக்குள், ஆபத்து நேரத்தில் எல்லாரையும் மெதுவாக நடத்தும் சேப்டி காருக்குப் பின்னால் ஊர்ந்துவிட்டு, பாதிப் புள்ளி கொடுத்து முடித்தார்களே, அந்தக் கதையைச் சொன்னேன். கடைசி ஓட்டத்துக்கு இருவர் சம புள்ளியோடு வருவது 1974க்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்றும் சொன்னேன். இருவரும் முடிக்காமல் போனால் பட்டம் ஒன்பது வெற்றி எடுத்த வெர்ஸ்டப்பனுக்கு, ஹமில்டனுக்கு வெற்றி எட்டுத்தான். எனவே ஹமில்டன் முன்னால் வந்தே ஆகவேண்டும். வந்தால் எட்டாவது பட்டம், ஷூமாக்கரையும் தாண்டிய பட்டம். ஐந்து பேர் ஹமில்டன் பக்கம். பொடியன் ஒருவன் மட்டும் வெர்ஸ்டப்பன் ஆட்களின் செம்மஞ்சள் சட்டை போட்டு வந்திருந்தான்.

தொடக்கத்திலேயே ஹமில்டன் முன்னுக்குப் போனதும், வெர்ஸ்டப்பனின் அணித் தோழன் பெரெஸ் அவனை மறித்துப் பிடித்து நேரம் வாங்கிக் கொடுத்ததும் நீ பார்த்தவை. ஐந்து சுற்று மிச்சம் இருக்கும்போது இடைவெளி பதினொரு செக்கனளவில் இருந்தது. எங்களுடைய ஆட்கள் தின்ன றோல்ஸ் வாங்கக் காசு சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். 53ஆவது சுற்று, பதினான்காவது வளைவு, லத்தீஃபியின் கார் சுவரில். சேப்டி கார் வந்தது, இடைவெளி எல்லாம் போய்விட்டது. வெர்ஸ்டப்பன் ரயர் மாற்றும் பிட்டுக்குள் வந்து புதிய மென்மையான ரயர் மாட்டினான். ஹமில்டன் உள்ளே வந்தால் முதலிடம் போய்விடும், வராமல் நின்றான். அந்த நேரமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நீயும் ஸ்காபரோவில் நாள் முழுக்கக் காருக்குக் கீழே படுத்து எழும்புகிறவன், உனக்கு ரயரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஹமில்டன் 14ஆவது சுற்றில் மாட்டிய கடின ரயர் அது. கோட்டைத் தாண்டும்போது 44 சுற்று ஓடியிருக்கும். சேப்டி காருக்குப் பின்னால் மெதுவாகப் போகப் போக அதன் சூடு இறங்கிவிடும். சூடு இறங்கிய கடின ரயர் வளைவில் பிடிக்காது. புதிய மென்ரயரோ பலாப்பால் போல வீதியில் ஒட்டும். ஒரே ஒரு சுற்று ஓடவிட்டாலும் முடிவு தெரிந்ததுதான். கேள்வி, ஓடவிடுவார்களா என்பது மட்டுமே.

இந்த இடத்தில் நான் உன் பக்கம். ஓட்ட இயக்குநர் மைக்கல் மாசி செய்தது பிழை. சுற்றுப் பிந்திய கார்கள் எட்டு இருந்தன. முதலில் அவற்றில் ஒன்றும் சேப்டி காரைத் தாண்டக் கூடாது என்றார். பிறகு ஹமில்டனுக்கும் வெர்ஸ்டப்பனுக்கும் நடுவில் நின்ற ஐந்து கார்களை மட்டும் தாண்டிப் போகச் சொன்னார். மிச்ச மூன்றும் நின்ற இடத்திலேயே நின்றன. மூன்றாவதாக வந்துகொண்டிருந்த சைன்ஸை எவருமே நினைக்கவில்லை. அவனுக்கு முன்னால் சுற்றுப் பிந்திய கார் அப்படியே கிடக்க, முன்னால் இருவருக்கு மட்டும் வீதியைத் துப்புரவாக்கிக் கொடுத்தார்கள். கடைசிக் கார் தாண்டினால் அதற்கு அடுத்த சுற்றின் முடிவில்தான் சேப்டி கார் உள்ளே போகவேண்டும், அதையும் பொறுக்கவில்லை. நல்ல முடிவு வேண்டும் என்று ஆசைப்பட்டார், விதி கைநழுவிப்போனது. ஹமில்டனின் அணியான மேர்சிடிஸின் முறைப்பாட்டைத் தள்ளுபடி செய்ததற்குச் சொன்ன காரணமும் என் மனத்துக்கு ஒப்பவில்லை. இயக்குநருக்குச் சேப்டி காரின் மேல் முழு அதிகாரம் என்றால், மிச்ச விதிகளை எழுதிவைத்தது எதற்கு?

கடைசிச் சுற்று, ஐந்தாவது வளைவு. வெர்ஸ்டப்பன் உள்ளால் பாய்ந்தான். கராஜில் ஒருவரும் மூச்சு விடவில்லை. செம்மஞ்சள் சட்டைக்காரன் மழைக்குள் ஓடிப் போய் வீதியில் நின்று கத்தினான். சற்று நேரத்தில் நனைந்து திரும்பி வந்தவன், மற்றவர்களின் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. தேநீர்க் கோப்பைகளை எல்லாம் பொறுக்கிக் கொண்டுபோய்க் கழுவத் தொடங்கினான். வெர்ஸ்டப்பன் 395.5, ஹமில்டன் 387.5 என்று நான் கதவில் எழுதினேன். அதை இன்னும் அழிக்கவில்லை.

பிழை மாசியுடையது. வெர்ஸ்டப்பன் கிடைத்த சுற்றை ஓடினான், அவனிடத்தில் நீயும் அதைத்தான் செய்திருப்பாய். லத்தீஃபியோ, மிக் ஷூமாக்கரோடு பின்வரிசை இடமொன்றுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவன். அழுக்குப் பிடித்த ரயர், முன்னால் போகும் காரின் கலங்கிய காற்று, சுவர். நூறு பேருக்கு நடந்தது. காசு வாங்கினான் என்கிறாய். அவன் ஓட்டும் வில்லியம்ஸின் எஞ்சினே மேர்சிடிஸின் எஞ்சின். எஞ்சின் மேசையில் உனக்கு எழுத்துப் படிப்பித்தவன் நான், இதை நீ யோசிக்காமல் எழுதியதுதான் எனக்கு நோகிறது.

2008 நவம்பர் 2, பிரேசில் ஓட்டம் ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பதினைந்து வயது. யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை போரால் பூட்டி இரண்டு வருடம் தாண்டிவிட்டது, இரவில் ஊரடங்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்தார்கள். யன்னலுக்குப் போர்வை கட்டி, சத்தத்தை முழுவதும் குறைத்து, நிலத்தில் படுத்துக்கொண்டு பார்த்தோம். பட்டம் எடுக்க ஹமில்டனுக்கு ஐந்தாம் இடம் வேண்டும். மழை திரும்ப வந்து, வெட்டல் அவனைத் தாண்டி, ஆறாம் இடத்துக்குத் தள்ளிவிட்டான். பட்டத்துக்கு அவனோடு போட்டியிட்ட பிரேசில்காரன் மாசா கோட்டைத் தாண்டி வென்றுவிட்டான். அவனுடைய வீட்டார் பிட்டுக்குள் துள்ளுகிறார்கள். நள்ளிரவு தாண்டியிருந்தது. கடைசி வளைவில் ஹமில்டன் ரிமோ குளோக்கைத் தாண்டினான். ஹமில்டனுக்கு 98 புள்ளி, மாசாவுக்கு 97. நீ கத்தினால் வெளியே ஆமிக்குக் கேட்கும் என்று தலையணையைக் கடித்தாய். மறுநாள் அம்மா அந்த உறையைப் பார்த்து, நாய் கடித்ததோ என்று கேட்டாள்.

அன்று நாங்கள் மாசாவைப் பார்க்கவே இல்லை, மகன். சொந்த ஊரில், சொந்தச் சனத்துக்கு முன்னால், மேடையில் நெஞ்சில் கையடித்துக்கொண்டு அழுதபடி நின்றான். அந்த நேரம் நீயும் நானும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

ஆனால் ஒன்றைச் சொன்னாய். குளோக் வேண்டுமென்றே வழிவிட்டான், விலைபோய்விட்டான் என்று அடுத்தடுத்த நாட்களில் கதை வந்தபோது நீ கொதித்தாய். "ஈரத்தில் உலர்ந்த வீதிக்குரிய ரயரோடு நிற்கிறவன் எப்படி அப்பா ஓடுவான்? அவனுடைய அணியில் ட்ருல்லியும் அந்தச் சுற்றில் அப்படித்தானே ஊர்ந்தான்?" என்று கேட்டாய். பதினைந்து வயதில், மண்ணெண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கேட்டாய். என் பிள்ளைக்கு நியாயம் தெரிகிறது என்று அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம் என்பது உனக்குத் தெரியும். சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எழுப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. ஒரு கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிப்போன ஒஸ்ரின் ஏ40 கோப்பாய்ப் பக்கத்தில் நின்றுவிட்டது. மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. துணியில் வடித்து ஊற்றவேண்டியது என்னுடைய வேலை. அன்று காலை அவசரத்தில் அப்படியே ஊற்றிவிட்டேன். முகூர்த்தம் தவறியது. பெண் வீட்டு ஆட்கள் இருவர் வந்து ஓட்டுநரை அறைந்தார்கள். ஓட்டத் தெரியாதவன் என்றார்கள், மாப்பிள்ளை வீட்டுக்கு ஆகாதவர்கள் ஏவிவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். நான் மதிலோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு பொனற்றைத் திறந்தபோது என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு இருபத்தெட்டு வருடமாகிறது.

நேற்று முன்தினம் லத்தீஃபி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறான், வாசித்தாயா? கொலை மிரட்டல் வந்திருக்கிறது. என்ன வரப்போகிறது என்பது கொடி விழுந்த கையோடு அவனுக்கே தெரிந்துவிட்டதாம். சமூக வலைத்தளங்களைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டுச் சில நாள் ஒதுங்கியிருந்தானாம். அவன் வளர்ந்தது ரொறன்ரோவில். உன்னுடைய நகரத்துப் பிள்ளை. உன்னை விட இரண்டு வயது இளையவன். நீ பஸ் ஏறும் ஊரில் அவனுடைய தாய் தகப்பனும் இருந்து அவற்றையெல்லாம் வாசித்திருக்கக்கூடும். நீ எழுதியது ஆயிரத்தில் ஒன்று என்பாய். அவர்களுக்கு அது ஆயிரத்தில் எத்தனையாவதாகக் கண்ணில் பட்டது என்று உனக்குத் தெரியாது.

அன்று ஓட்டம் முடிந்த பிறகு அன்ரனி ஹமில்டனைக் கவனித்தாயா? மகனின் சிறுவயதுக் கார்ட் பந்தய ஓட்டத்துக்காக ஒரே நேரத்தில் பல வேலை பார்த்த மனிதர். மகன் காருக்குள்ளேயே வெகுநேரம் இருந்தான். பிறகு இறங்கிப் போய் வெர்ஸ்டப்பனை அணைத்து வாழ்த்தினான். தகப்பன் மகனைக் கட்டிக்கொண்டார். பிறகு அவரும் போய் மறுபக்கத்துத் தகப்பனின் கையைப் பிடித்தார். அந்தக் கையைப் பிடிக்க அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று பிள்ளை பெற்ற எனக்குத் தெரியும். மூன்று நாள் கழித்து மகன் வின்சர் கோட்டையில் 'சேர்' பட்டம் வாங்கியபோது தாய் பக்கத்தில் நின்றார். அந்தப் படத்தை அம்மா இரண்டு தரம் காட்டச் சொல்லிப் பார்த்தாள்.

இனிப் பார்க்கமாட்டேன் என்று அன்று தொலைபேசியில் அழுதாய். அழு, எனக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மாசியின் பிழைக்கு லத்தீஃபியை அடிக்காதே. நீ எழுதியதை அழித்துவிடு. அந்தக் கையை முறிக்கச் சொன்னதற்குப் போட்ட விருப்பத்தையும் எடுத்துவிடு. செய்த பிறகு எனக்கு ஒரு சொல் போடு, வேறு விளக்கம் வேண்டாம்.

மார்ச்சில் பஹ்ரேனில் புதிய கார்கள், பதினெட்டு அங்குல றிம் வருகிறதாம். பக்கச்சுவர் ஒடுங்கிய ரயர் எப்படித் தேயும் என்று எனக்கு யோசனையாக இருக்கிறது. உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது.

தை பிறந்த பிறகு கனடாவுக்கு வரும் ஒருவரிடம் அம்மா புழுக்கொடியலும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுவாள். தூள் விறகடுப்பில் வறுத்தது. கொஞ்சம் கறுத்திருக்கும், பழுது என்று எறிந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா