கானா அக்காவுக்கும் சனிக்கிழமை வகுப்புக்காரர்களுக்கும்

அன்புள்ள கானா அக்காவுக்கும், சனிக்கிழமை வகுப்பு எடுத்த நைஜீரிய நர்ஸ்களுக்கும், ஒப்பந்தத்தைப் படித்துச் சொன்ன ஜிம்பாப்வே சகோதரிக்கும்,

உங்களிடம் ஆங்கிலத்தில் நன்றி சொல்லியாயிற்று. இதைத் தமிழில் எழுதுவது, அடுத்து விமானம் ஏறப்போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். கறுப்பினத்தவரைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கிப் போகும் வழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

2022 கடைசியில் நாகர்கோவிலிலிருந்து நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து வந்தேன். வந்த மூன்று மாதத்துக்குள் ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வு எழுத வேண்டும். எட்டு மாதத்துக்குள் என்.எம்.சி. (பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் மன்றம்) பதிவு வரவில்லை என்றால் விசாவுக்கே ஆபத்து. தேர்வில் பத்து ஸ்டேஷன், அதாவது ஒவ்வொரு வேலையாகச் செய்து காட்டும் பத்துக் கட்டங்கள். முதல் தடவை மருந்து கொடுக்கும் ஸ்டேஷனில் கை நடுங்கி, அலர்ஜி இருக்கிறதா என்று கேட்காமலே மாத்திரையை எடுத்துவிட்டேன். ஊரில் ஆறு வருடம் வார்டில் நின்றவள்! அந்த ஒரு கேள்வியில் போயிற்று.

குவார்ட்டர்ஸ் சமையலறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோதுதான் அக்கா உள்ளே வந்தார். கானாப் பிள்ளைகள் அவரை 'ஆன்ட்டி' என்பார்கள். எனக்கு அக்கா என்றுதான் வாயில் வந்தது. என்ன ஏது என்று கேட்கவில்லை. சோற்றில் நிலக்கடலைக் குழம்பை ஊற்றி, தட்டை நீட்டிவிட்டுச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"முதலில் என் பெயர், பிறந்த தேதி கேள். அப்புறம் அலர்ஜி கேள். அப்புறம்தான் சோறு."

அன்றிலிருந்து மூன்று வாரம் இதே கூத்து. பேனாவால் தன் மணிக்கட்டில் நோயாளிப் பட்டை வரைந்துகொண்டு, நைட் டியூட்டி முடித்து வந்த அலுப்போடு நாற்காலியில் நோயாளியாகச் சாய்ந்திருப்பார். தேநீர் கொடுத்தாலும் அலர்ஜி கேட்க வேண்டும். ஒருநாள் மறந்து பிஸ்கட்டை நீட்டினேன். "நான் செத்துப்போய்விட்டேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார். தோற்ற ஸ்டேஷனை மட்டும் திரும்ப எழுதினால் போதும். இரண்டாம் தடவை தேறினேன்.

சனிக்கிழமை ஜூம் வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டதும் அக்காதான். எடுத்தவர்கள் நைஜீரியர்கள். ஜெபத்தோடு தொடங்குவார்கள். எங்கள் ஊர் உபதேசியார் ஜெபத்துக்கு ஒரு நிமிடமும் குறையாது! ஆனால் பாடம் என்று வந்துவிட்டால் கறார். நான் அவர்கள் நாட்டுக்காரி இல்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை. சந்தாவும் கேட்கவில்லை.

அந்த வகுப்பைப் பார்க்கும் வரை, சங்கம் என்றால் வருடத்துக்கு ஒரு விழா, மேடையில் பொன்னாடை என்றுதான் நினைத்திருந்தேன். பிரிட்டனில் கானா நர்ஸ்களுக்கும், நைஜீரிய, உகாண்டா, ஜிம்பாப்வே நர்ஸ்களுக்கும் தனித்தனியே சங்கங்கள் இருக்கின்றன. அவை ஏன் வந்தன என்பதை உங்களில் மூத்தவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். 2000-களின் தொடக்கத்தில் வந்த ஆப்பிரிக்க நர்ஸ்களுக்கு ஆஸ்கி கிடையாது. மேற்பார்வையில் சில மாதம் பயிற்சி முடித்தால்தான் பதிவு. அந்தப் பயிற்சிக்கு இடம் கிடைக்காமல், படித்த நர்ஸ்கள் முதியோர் இல்லங்களில் உதவியாளராகவே வருடக்கணக்கில் கிடந்திருக்கிறார்கள். பதிவு கிடைத்த பிறகும் பேண்ட் 5 என்ற தொடக்கச் சம்பளப் படியிலேயே நின்றுவிட்டவர்கள் எத்தனையோ பேர். கறுப்பின நர்ஸ்கள் மீது வேலை கொடுத்தவர்களிடமிருந்து அதிகமான புகார்கள் போகின்றன என்பதை என்.எம்.சி.யின் ஆய்வே சொல்கிறது. "குறிப்பேட்டில் எழுதாதது நடக்காதது. நேரத்தோடு எழுது, தெளிவாக எழுது" என்று நீங்கள் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது பட்டவர்கள் சொல்.

ஜிம்பாப்வே சகோதரிக்கு என் தோழி சார்பில் இந்தப் பத்தி. தோழி ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். இடையில் விலகினால் பல ஆயிரம் பவுண்டு கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் போனில், ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டீர்கள். எதற்கு எவ்வளவு என்று கணக்கை எழுத்தில் கேட்கச் சொன்னீர்கள். வேலை பார்த்த காலத்துக்கு ஏற்பத் தொகை குறைய வேண்டும், மறைவாக எதுவும் இருக்கக் கூடாது என்று அரசின் நெறிமுறை 2022-இலேயே சொல்லிவிட்டதைக் காட்டினீர்கள். முதல் வேலையாக யூனியனில் சேரச் சொன்னீர்கள். தொகை முழுவதும் போகவில்லை, பாதிக்கு மேல் குறைந்தது. அவள் இப்போது தூங்குகிறாள்.

ஒன்று மட்டும் எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது. என்னை மருத்துவமனை டிக்கெட் போட்டு, தேர்வுக் கட்டணம் 794 பவுண்டும் கட்டி வரவழைத்தது. கானா, நைஜீரியா, ஜிம்பாப்வே மூன்றும், மருத்துவப் பணியாளர் பற்றாக்குறை உள்ளவை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பட்டியலிட்ட 55 நாடுகளில் அடக்கம். அங்கே போய் ஆள் பிடிக்கக் கூடாது. தானாக விண்ணப்பித்து வரலாம். அப்படி அக்கா கடன் வாங்கி, எல்லாவற்றையும் தானே கட்டி வந்தவர். ஊரில் தன் பழைய வார்டில் ஆள் இல்லை என்று போன் வரும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். சரி, அதைப் பற்றி நான் பேசுவது அழகல்ல.

எங்கள் ஆட்களுக்கும் இங்கே சங்கங்கள் உண்டு. வந்த புதிதில் எனக்குத் தெரியவில்லை, இப்போது ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். போன மாதம் கேரளப் பெண் ஒருத்திக்கும் எரித்திரியாவிலிருந்து வந்த தம்பி ஒருவருக்கும் அதே சமையலறையில் மருந்து ஸ்டேஷன் நடத்தினேன். மணிக்கட்டில் பேனாவால் பட்டை வரைந்துகொண்டுதான்.

அக்கா, நீங்கள் கொடுத்த ஷிட்டோ பாட்டில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கருவாடும் மிளகாயும் போட்ட அந்தக் கறுப்புத் தொக்கை நான் ஒரே வாரத்தில் தீர்த்துவிட்டேன். வெறும் பாட்டிலைத் திருப்பித் தரும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா அனுப்பிய நெத்திலிக் கருவாட்டுத் தொக்கை அதில் நிரப்பி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை நைட் டியூட்டிக்குக் கொண்டுவருகிறேன். பெயர், பிறந்த தேதி, அலர்ஜி எல்லாம் கேட்டுவிட்டுத்தான் தருவேன்.

அன்புடன்,
நாலாவது மாடி வார்டுத் தங்கை