அப்பாவின் பணி நிறைவு விழாவில் பேசப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வாட்ஸப்பில் நீ அனுப்பிய நான்கு பக்கத்தையும் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் அதில் நம் அப்பா இல்லை. 'உழைப்பின் சிகரம்', 'தியாகத்தின் மறுபெயர்' எல்லாம் எந்த அப்பாவுக்கும் பொருந்துகிற வார்த்தைகள்.

மேடை என்றாலே கை நடுங்குகிறது என்கிறாய். பயத்தோடு மல்லுக்கட்டாதே. திருக்குறளில் அவையறிதல் 72-ஆவது அதிகாரம், அதற்கு அடுத்துத்தான் அவையஞ்சாமை. பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்கிறபோதெல்லாம் இந்த வரிசையை நினைத்துக்கொள்வேன். எதிரே இருப்பவர் யார் என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் கழன்றுவிடும்.

சரி, அன்று உன் எதிரே யார்? டிரைவர்கள், கண்டக்டர்கள், டிப்போ மெக்கானிக்குகள், அம்மா, சித்தப்பா வீட்டார். நைட் டூட்டி முடித்துத் தூங்காமல் வந்தவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு டூட்டியில் இருக்கும் அப்பாவைத் தெரியும், வீட்டுக்கு வந்த அப்பாவைத் தெரியாது. நோட்டும் சில்லறையும் எண்ணிக் கறுத்த விரல்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதானே நம் தலையில் கை வைப்பார்? தூக்கத்தில்கூட "ரைட், ரைட்" என்பாரே? விரலில் இருந்தே ஆரம்பி. 'மேடையில் வீற்றிருக்கும்' என்று நீளமாக அடுக்க வேண்டாம், ஒரு வணக்கம் போதும்.

மனப்பாடம் மட்டும் செய்யாதே. போன வருடம் என் மாணவி ஒருத்திக்கு நடுவில் ஒரு வரி மறந்துபோனது. உயர்த்திய கை அப்படியே நிற்க, திரும்பவும் முதல் வரிக்கே போனாள், மறுபடி அதே இடத்தில் நின்றாள். வரிகளைக் கோத்து வைத்தால் ஒன்று அறுந்ததும் எல்லாம் போய்விடும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மனதில் இருக்கட்டும். நடுவுக்கு உள்ளங்கை அளவு சீட்டில் நாலே சொல் எழுதிக்கொள்: விரல், விசில், தீபாவளி டூட்டி, அம்மா. அப்புறம் வாய்விட்டுப் பேசிப் பார், மனதுக்குள் அல்ல.

மைக்கைத் தட்டாதே. வாய்க்கு நேராகவும் பிடிக்காதே, 'ப' வரும்போதெல்லாம் காற்று மோதி டப்பென்று வெடிக்கும். நீ அன்று அதிகம் சொல்லப்போவது 'அப்பா' என்ற சொல்லைத்தான். நாலு விரல் தள்ளி, மோவாய்ப் பக்கம் கொஞ்சம் இறக்கிப் பிடி. எழுந்ததும் மூச்சை மெதுவாக வெளியே விட்டுவிட்டுத் தொடங்கு. விரலைப் பற்றிச் சொன்னதும் கொஞ்சம் நிறுத்து, அப்பாவைப் பார். அந்த மௌனத்தை அவசரமாக நிரப்ப வேண்டாம்.

மூன்று நிமிடம் போதுமா என்று கேட்டிருந்தாய். 1863-இல் அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் நடந்த விழாவில் எவரெட் என்பவர் இரண்டு மணி நேரம் பேசினார். அவருக்குப் பின் பேசிய அதிபர் லிங்கன் எடுத்துக்கொண்டது இரண்டு, மூன்று நிமிடம்தான். மறுநாளே எவரெட் அவரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். மூன்று நிமிடம் தாராளம்.

நாளை ராத்திரி போன் செய். அந்த முதல் வாக்கியத்தை மட்டும் எனக்குச் சொல்லிக் காட்டு.

அன்புடன்,
அக்கா