மெடிக்கல் எய்ட் இருந்தால் உடனே, இல்லாவிட்டால் ஆறு வாரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மெடிக்கெய்ட் என்ற அரசுக் காப்பீட்டில் இருக்கும் பெண், பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொள்ள வேண்டுமானால் 30 நாள் முன்பே படிவத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். தனியார் காப்பீட்டுக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் படித்தேன். "நம்ம ஊர்ல இப்படி எதுவும் கிடையாதே" என்றாள் என் மருமகள். சட்டத்தில் கிடையாதுதான். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் அரசுப் பிரசவ வார்டுகளில் தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு அவ்வளவு சுலபமாகச் சொல்ல வரவில்லை.

தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயதான பெண் தானே விவரம் கேட்டுச் சம்மதித்தால் போதும். கணவர் கையெழுத்து வேண்டாம். (இதை நம்பாத மாமியார்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.) கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவம் 1994 முதல் இலவசம். அப்படியானால் எங்கே இடிக்கிறது? ஆபரேஷன் தியேட்டரில்.

மெடிக்கல் எய்ட், அதாவது தனியார் மருத்துவக் காப்பீடு, வைத்திருப்பவர்களின் பிரசவங்களில் ஏறக்குறைய நாலில் மூன்று சிசேரியன். வயிற்றைத் திறந்தாயிற்று, அதோடு டியூபையும் (கருக்குழாயையும்) கட்டச் சில நிமிடங்கள் போதும். என் தங்கை மகளுக்கு இரண்டாவது பிள்ளையோடு அப்படித்தான் முடிந்தது. சுகப்பிரசவமானாலும் இது பெரிய வேலை இல்லை. முதல் ஓரிரு நாட்களில் கருப்பை தொப்புள் உயரத்தில் இருக்கும். தொப்புளுக்குக் கீழே சின்ன வெட்டு வழியாகவே டியூப் கைக்கு எட்டும். ஆனால் அரசு மருத்துவமனையில் இது 'அவசரமில்லாத' ஆபரேஷன். ரத்தப்போக்கும் சிக்கலான பிரசவமும் வந்துகொண்டே இருக்கும் தியேட்டரில் இதற்கு முறை வராது. அதற்குள் படுக்கை வேறொருத்திக்கு வேண்டும். கருத்தடை ஊசி போட்டு, ஆறு வாரம் கழித்து வா என்று அனுப்பிவிடுவோம்.

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் எனக்குத் தெரிந்த ஒரு பெண், துணிக்கடையில் வேலை. நாலாவது பிள்ளைக்குப் பிறகு போதும் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறாள், யாரும் எழுதிவைக்கவில்லை. ஆறு வாரம் கழித்துப் போக வேண்டுமென்றால் சம்பளமில்லாத விடுப்பு, இரண்டு டாக்சி மாற வேண்டும், கைக்குழந்தையை யாரிடம் விடுவது? போகவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டிய ஊசியும் தவறிப்போயிற்று. இப்போது ஐந்தாவது.

மெடிக்கல் எய்ட் காரர்களுக்கும் தொல்லை இல்லாமல் இல்லை. கர்ப்பமான பிறகு சேர்ந்தவருக்கு 12 மாதம் வரை பிரசவச் செலவைத் தர மறுக்கலாம். ஆனால் அது பணத் தகராறு.

அதற்காக, வலியில் துடிப்பவளிடம் காகிதத்தை நீட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. எச்.ஐ.வி. உள்ள 48 பெண்கள் சம்மதமில்லாமல் கருத்தடை செய்யப்பட்டதாகக் கொடுத்த புகாரை விசாரித்து, நம் நாட்டின் பாலின சமத்துவ ஆணையம் 2020இல் அறிக்கை வெளியிட்டது. விசாரித்த மருத்துவமனைகளில் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் உள்ளவையும் உண்டு. சிசேரியனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் நேரத்தில் என்னவென்றே தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். அமெரிக்காவின் 30 நாள் விதிக்குப் பின்னாலும் இப்படி ஒரு கதை இருக்கிறது: 1973இல் அலபாமாவில் 14, 12 வயதுக் கறுப்பினச் சகோதரிகள் இருவருக்குக் கருத்தடை செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய், காகிதத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தாள். அந்தக் கொடுமையைத் தடுக்க வந்த விதி இப்போது ஏழைகளை மட்டுமே காத்திருக்க வைக்கிறது என்பதுதான் எனக்கு எரிச்சல்.

கர்ப்ப காலம் முழுவதும் கிளினிக்குக்கு வருகிறாள், தன் பிரசவப் பதிவேட்டையும் கையிலேயே கொண்டுவருகிறாள். ஏழாவது மாதத்தில் அவள் மொழியில் எடுத்துச் சொல்லி, ஊசி, லூப் (கருப்பைக்குள் வைப்பது), இம்பிளாண்ட் (கையில் தோலுக்கடியில் வைப்பது) எல்லாம் விளக்கி, அவள் முடிவை அதில் எழுதிவையுங்கள். பிரசவத்துக்கு வந்ததும் மறுபடி கேளுங்கள். மனம் மாறியிருந்தால் விட்டுவிடுங்கள், சட்டமே அதற்கு இடம் தருகிறது. மாறவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பும் முன் செய்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பின் செய்யும் இந்த ஆபரேஷனை அவசர சிகிச்சையாகவே கருத வேண்டும் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் சங்கமே (ACOG) சொல்கிறது. நம் மாகாணச் சுகாதாரத் துறை தினமும் தியேட்டர் பட்டியலில் இதற்கென்று ஓர் இடம் ஒதுக்கட்டும். ஒரு மயக்க மருத்துவரும் ஒரு மணி நேரமும்தான் கேட்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
சாட்ஸ்வர்த், டர்பன்