அந்த அறையைத் திறந்து விடுங்கள்

கல்லூரி நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

மூன்று கடிதம் கொடுத்தாயிற்று. மூன்றும் எங்கே போயின என்று உங்களுக்கே தெரியும் என்பதால் இதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: புரொஜெக்டர் அறையை இரண்டு மணி நேரம் திறந்து விடுங்கள்.

நார்வே நாடக ஆசிரியர் இப்சன் 1882-இல் எழுதிய ‘மக்களின் எதிரி’ நாடகத்தை வகுப்பில் பாடமாக நடத்திக்கொண்டிருக்கிறேன். ஊருக்கே சோறு போடும் குளியல் நிலையத்துத் தண்ணீரில் டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலையின் கழிவு கலக்கிறது என்று ஒரு டாக்டர் கண்டுபிடிக்கிறார், அதைச் சொன்ன பாவத்துக்கு மேயராக இருக்கும் சொந்த அண்ணனே அவருக்கு எதிராக ஊரைத் திருப்பிவிடுகிறார். கதை நடப்பது நார்வேயில். நான் நடத்துவது பாலாற்றங்கரையில். டேனரிக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பு சொன்னபோது என் மாணவர்கள் பிறக்கவே இல்லை, ஆனால் பாதிப் பேர் வீட்டில் இன்றைக்கும் குடிப்பது கேன் தண்ணீர்தான்.

இதே நாடகத்தை சத்யஜித் ரே 1989-இல் ‘கணசத்ரு’ என்று வங்காளத்தில் படமாக்கினார். குளியல் நிலையம் இருந்த இடத்தில் கோயில் தீர்த்தம். துளசி போட்ட தீர்த்தத்தில் கிருமி எப்படி இருக்கும் என்கிறார்கள். உடம்பு முடியாமல் ரே பெரும்பாலும் ஸ்டூடியோவுக்குள்ளேயே எடுத்த படம், மேடை நாடகம் மாதிரி இருக்கிறது என்று குறை சொல்வார்கள். நாடகம் நடத்துகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

போன வாரம் அதை என் செல்போனில் காட்டினேன். டஸ்டர்மேல் போனைச் சாய்த்து வைத்து, எட்டு எட்டுப் பேராகச் சுற்றி நிற்க, கீழே ஓடும் ஆங்கில எழுத்து தெரியாததால் நானே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஊர்க்கூட்டக் காட்சியில் ஒரு பையன் கேட்டான்: “சார், டேனரியை மூடினா எங்கப்பாவுக்கு வேலை போயிடும். இந்த ஊர்க்காரங்க கோவமும் அதனாலதானா?” எந்தக் கைடிலும் இல்லாத கேள்வி. வாயைத் திறப்பதற்குள் பர்சனல் லோன் வேண்டுமா என்று ஒரு அழைப்பு வந்து படம் நின்றது, மணியும் அடித்தது.

ஆய்வுக்குழு வந்த அன்று அந்த அறையில் ஏசி ஓடியது, மேசையில் ரோஜாப்பூகூட இருந்தது. ‘நவீனக் கற்றல் கூடம்’ என்ற பலகை இன்னும் தொங்குகிறது, பக்கத்திலேயே பூட்டும். வசதிக் கட்டணம் மட்டும் வருஷம் தவறாமல் வாங்கிவிடுகிறோம்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். வரும் வியாழன் மதியம் இரண்டு பீரியடும் என்னுடையவை. லேப்டாப், ஒயர் எல்லாம் நானே கொண்டுவருகிறேன். அறையை மட்டும் திறந்து தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பையனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.